பார்க்காமல் வரைந்த முகம்

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை தானாக வளர்ந்த ஊர் அல்ல, உண்டாக்கப்பட்ட ஊர். 1734இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, சுங்குராம செட்டி என்ற வணிகரிடமிருந்த தோட்டத்தை எடுத்துக்கொண்டு கிழக்கிந்தியக் கும்பினி இங்கே துணித் தொழிலாளர்களைக் குடியேற்றியது. நூற்கிறவர்கள், நெய்கிறவர்கள், வெளுக்கிறவர்கள் ஆகியோரோடு துணியில் சித்திரம் எழுதுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். கூவம் வளைந்து சூழ்ந்த நிலம் என்பதால் தொழிலுக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. சோழமண்டலக் கரையில் எழுதிய சித்திரத் துணிகள் கப்பலேறி ஐரோப்பியக் கடைகளில் விற்றன. எழுதிய கை நம்முடையது. ஆனால் எந்தப் பூவை எழுதுவது, கொடி எப்படி வளைய வேண்டும், பின்புலம் சிவப்பா வெள்ளையா என்பதையெல்லாம் பல நேரம் வாங்குகிறவர்கள் அனுப்பிய மாதிரிகளே தீர்மானித்தன. தாங்கள் ஒருநாளும் பார்த்திராத பூக்களைக் கூட அந்தச் சித்திரக்காரர்கள் எழுதினார்கள்.

பார்க்காமல் எழுதுவதால் பூவுக்குக் கேடில்லை. முகத்துக்கு உண்டு. ஒரு மனிதக் கூட்டத்தின் முகத்தைப் பார்க்காமலே, வேறொருவர் தந்த மாதிரியை வைத்து எழுதி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினால், கொஞ்ச காலத்தில் உண்மையான முகம் பின்னால் போய்விடும். எழுதிய முகமே முன்னால் நிற்கும். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் தயாரான கார்ட்டூன் குறும்படங்களில் கறுப்பின மக்களுக்கு நடந்தது இதுதான். அதில் நமக்கு என்ன என்று கேட்டுக் கடந்துபோக முடியாது. அந்த முகங்களுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்று புறப்பட்ட இடம் நம் தமிழ்நாடு.

*

முதலில் அந்தப் படங்கள் ஓடிய தெருவைச் சொல்ல வேண்டும். மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழையும் பிளாக்கர்ஸ் ரோட்டில்தான் 1914இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அது. வெங்கையா புகைப்படக்காரர், கருவியையும் படச்சுருளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டியவர். அதே தெருவில் பின்னால் கேசினோ வந்தது. பல தலைமுறைகளுக்கு ஆங்கிலப் படம் என்றால் மவுண்ட் ரோடும் இந்தத் தெருவும்தான். அந்தக் காலத்து வழக்கப்படி பெரிய படத்துக்கு முன்னால் துண்டுப் படங்கள் உண்டு. செய்திப்படம் ஓடும்போது வெளியே நின்றவர்கள்கூட, பூனையும் எலியும் வந்துவிட்டன என்றால் உள்ளே ஓடிவருவார்கள். கார்ட்டூனுக்கு மொழி தேவையில்லை. ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதவரும், பால்கனியும் தரை டிக்கெட்டும் ஒரே நொடியில் சிரித்த இடம் அது.

அந்தச் சிரிப்பைப் பழிப்பது என் நோக்கமல்ல. அந்தக் கலையின் வேகமும் இசையும் உடலை வளைக்கும் துணிவும் இன்றும் என்னை வியக்க வைக்கின்றன. ஆனால் அந்தக் கலை எப்படி உண்டாயிற்று என்று தெரிந்தால்தான், அதனுள் அந்த முகம் எப்படி நுழைந்தது என்பதும் தெரியும்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிடக் குறும்படத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் ஐயாயிரம் நிலைகளை வரைய வேண்டும். ஒருவர் வரைந்து முடிக்கிற காரியமல்ல. பலர் வரைய வேண்டும். பலர் வரைந்தாலும் ஒருவர் வரைந்தது போலத் தெரிய வேண்டும். எனவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மாதிரித் தாள் இருக்கும். தலை ஒரு வட்டம், வயிறு ஒரு வட்டம், கண் இன்ன அளவு, வாய் இன்ன அளவு என்று அது வகுத்துவிடும். வேகமாக வரையவும், திரையில் வந்ததும் பார்ப்பவர் உடனே அடையாளம் காணவும் சுருக்கக் கோடுகள் வேண்டும். எலிக்கும் வாத்துக்கும் சுருக்கக் கோடுகளை அந்தக் கலைஞர்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். கறுப்பு மனிதருக்கு அவர்கள் கண்டுபிடிக்க முயலவில்லை. ஏற்கெனவே ஒன்று தயாராக இருந்தது.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, உதட்டைச் சுற்றி வெளிறிய வளையம் தீட்டி, அடிமைகளைக் கேலி செய்து ஆடிய மின்ஸ்ட்ரல் என்ற மேடைக் கூத்துதான் அந்தத் தயார்ச் சரக்கு. பிதுங்கிய கண், தடித்த வாய், சோம்பல், பயம், திருட்டுக் கோழி, தர்பூசணி என்று எல்லாம் அங்கிருந்து வந்தவை. பழைய கார்ட்டூன் விலங்குகள் அணியும் வெள்ளைக் கையுறையைக்கூட அந்த மேடையோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். இந்தக் கூத்து கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. டேவ் கார்சன் என்ற மின்ஸ்ட்ரல் நடிகர் 1860களில் இங்கே வந்து, வங்காளி பாபுவைக் கேலி செய்யும் பாட்டால் கல்கத்தாவில் புகழ்பெற்றார். கறுப்பரைக் கேலி செய்யப் பூசிய கரியை அவர் நம்மவரைக் கேலி செய்யவும் பயன்படுத்திக்கொண்டார். மாதிரி ஒன்று கைவசம் இருந்தால் அதற்குள் யாரையும் திணிக்கலாம்.

*

தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட அந்த முகத்தை வரைந்த ஹெலன் பானர்மன் ஸ்காட்லாந்துக்காரர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். ஹெலன் முப்பது ஆண்டுகள் அளவில் இந்தியாவில் வாழ்ந்தார். 1898இல் கொடைக்கானலுக்கும் சென்னைக்கும் இடையிலான நீண்ட ரயில் பயணத்தில், தன் பெண் குழந்தைகளுக்காக அவர் ஒரு கதையைப் புனைந்து படமும் வரைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தெற்கிலிருந்து வரும் அந்தத் தண்டவாளம், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்துக்கு அக்கரையில் இருக்கும் எழும்பூரைத் தொட்டுத்தான் நகருக்குள் நுழையும். அடுத்த ஆண்டு லண்டனில் அந்தக் கதை 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற பெயரில் சின்னப் புத்தகமாக வெளிவந்தது.

கதை எளிது. ஒரு கறுப்புச் சிறுவன். அம்மா அவனுக்குச் சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் தைத்துத் தருகிறாள். அப்பா பஜாருக்குப் போய்ப் பச்சைக் குடையும் ஊதா நிறச் செருப்பும் வாங்கி வருகிறார். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் உலாவப் போகிறான். புலிகள் ஒவ்வொன்றாக வந்து அவனைத் தின்னப் பார்க்கின்றன. அவன் ஒவ்வொரு பொருளாகக் கொடுத்துத் தப்பிக்கிறான். பிறகு தங்களில் யார் அழகு என்று புலிகளுக்குள் சண்டை மூள்கிறது. ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் நெய்யாக உருகிவிடுகின்றன. அப்பா பெரிய பித்தளைப் பானையில் அந்த நெய்யை அள்ளி வருகிறார். அம்மா அதில் தோசை வார்க்கிறாள். அம்மா 27, அப்பா 55, பையன் 169 சாப்பிடுகிறார்கள்.

பஜார், புலி, பித்தளைப் பானை, நெய் என்று இது முழுக்க இந்திய மண்ணின் கதை. கறுப்புப் பையன் இதில் கோமாளி அல்ல. அறிவால் புலியை வென்று, சந்தோஷமாகச் சாப்பிட்டு உட்கார்கிறான். அவனுக்கு அன்பான அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிறுவர் நூல்களில் ஒரு கறுப்புக் குழந்தைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அரிது. அதனால்தான் பல குழந்தைகள் அந்த நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

ஆனால் படங்கள்? தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒருவர், சமையலறையிலும் தோட்டத்திலும் ரயில் மேடையிலும் நம் முகங்களை நாள்தோறும் பார்த்தவர், ஒரு கறுப்புச் சிறுவனை வரைய உட்கார்ந்தபோது அவர் கையிலிருந்து வந்தது மின்ஸ்ட்ரல் மேடையின் முகம். உருண்ட கண், விரிந்த சிவந்த வாய், சுருண்ட முடி. பெயர்களும் அந்த மேடையின் வாடை அடிப்பவைதான். அவர் கண்ணெதிரே ஓராயிரம் முகங்கள் இருந்தன. சன்னலுக்கு வெளியே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இளநீரும் முறுக்கும் விற்றுக்கொண்டு ஓடிவந்த பிள்ளைகளின் முகங்கள் இருந்தன. கண் பார்த்ததைக் கை வரையவில்லை. மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த வார்ப்பை வரைந்தது.

இதை ஒரு பெண்மணியின் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் கதை இவ்வளவு பரிவோடு இருந்திருக்காது. தீங்கு நினைக்காதவரின் கையிலும் அந்த வார்ப்பு வேலை செய்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பாகுபாடு வெறுப்பில் மட்டும் வாழ்வதில்லை. பிரியமாகச் சொல்லும் கதையிலும், தன் குழந்தைகளைச் சிரிக்கவைக்க வரையும் கோட்டிலும் அது நிம்மதியாகக் குடியிருக்கும்.

*

நூலின் உரிமை மிகச் சொற்பத் தொகைக்குக் கைமாறியது. அமெரிக்காவில் அதன் மீது பானர்மனுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் போனது. யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஓவியரை வைத்துப் புதிதாகப் படம் போட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு இந்தியா கரைந்தது. புலியும் நெய்யும் மட்டும் மிஞ்ச, சிறுவன் அமெரிக்கத் தென் மாநிலப் பருத்தித் தோட்டத்தின் கேலிச் சித்திரமாக மாறினான். 1935இல் அப் ஐவர்க்ஸ் அதைக் கார்ட்டூன் குறும்படமாக எடுத்தார். ஐவர்க்ஸ் சாதாரணக் கலைஞர் அல்ல. வால்ட் டிஸ்னியோடு இருந்து மிக்கி மவுஸை வரைந்த கை அவருடையது. பிறகு தனியாகப் பிரிந்து வந்து வண்ணக் குறும்படங்கள் எடுத்தார். அவற்றுள் இதுவும் ஒன்று.

அந்தப் படத்தில் அம்மா மகனைக் குளிப்பாட்டி விளையாட அனுப்புகிறாள். புலிக்குக் கறுத்த இறைச்சி என்றால் மிகவும் பிடிக்கும் என்று சொல்லி எச்சரிக்கிறாள். தன் பிள்ளையின் தோலைப் பற்றி ஒரு தாய் வாயாலேயே அப்படி ஒரு நகைச்சுவையைச் சொல்லவைத்திருக்கிறார்கள். நாய் ஒன்று உடம்பில் வரிகள் தீட்டிக்கொண்டு புலி வேடம் போட்டுச் சிறுவனைப் பயமுறுத்துகிறது. கோடுகளில் அபாரமான திறமை இருக்கிறது, வண்ணம் அழகாக இருக்கிறது. அந்தச் சிறுவனிடம் மட்டும் ஒரு பிள்ளை இல்லை. சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு கதை நாற்பது ஆண்டுகளுக்குள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இலேயே இந்த வகைக் கதைகளைக் குறித்து எச்சரித்தார். வெள்ளைக் குழந்தைக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். ஏற்கெனவே எத்தனையோ காயங்களை அறிந்த கறுப்புக் குழந்தைக்கு அது இன்னொரு காயம் என்பது அவர் சொன்னதன் சாரம். எனக்கு இந்த விவாதம் முழுவதிலும் முக்கியமான கருத்து அதுதான். ஒரு படம் கேலியா இல்லையா என்பதை வரைந்தவரின் மனத்தை ஆராய்ந்து முடிவுசெய்ய முடியாது. கொட்டகையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் யாருக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை என்று பார்த்தால்தான் தெரியும்.

சென்னையில் உட்கார்ந்திருந்த நம் நிலை அதைவிடச் சிக்கலானது. அந்தப் பையனின் நிறம் நம் நிறம். அந்தப் பஜார் நம் பஜார். ஆனாலும் இருட்டில் நாம் வெள்ளைக் குழந்தையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோம். திரையில் வெடி வெடித்துப் பூனையின் முகம் கரியாகி, உதடு தடித்து, தலையில் சின்னச் சின்னச் சடைகள் முளைக்கும்போது ஏன் அது வேடிக்கை என்று நாம் கேட்டதில்லை. கறுப்பாவது வேடிக்கை என்பது நமக்கு விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்தது. அந்தப் பாடம் நமக்கு அமெரிக்கா போய்க் கற்றுவர வேண்டியதாக இல்லை. கல்யாணச் சந்தையிலும் மேடை நகைச்சுவையிலும் நம் சினிமாவிலும் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

*

டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை 114 குறும்படங்கள் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கார் விருதுகள் வந்தன. முதல் பன்னிரண்டு ஆண்டுகளின் படங்கள் பலவற்றில் ஒரு கறுப்பினப் பெண் வருவாள். தடித்த கால்கள், மடித்து இறங்கிய காலுறை, செருப்பு, ஏப்ரன், கையில் துடைப்பம். முகம் அநேகமாகத் தெரியாது. பூனை பாத்திரத்தை உடைத்தால் அவள் குரல் வரும், துடைப்பம் வரும். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. பின்னால் எதிர்ப்பு எழுந்தது. சில படங்களில் அவளை அழித்துவிட்டு வெள்ளைக்காரப் பெண்ணின் கால்களை வரைந்தார்கள். சிலவற்றில் குரலை மட்டும் மாற்றினார்கள்.

பூனைக்கு முகம் உண்டு, எலிக்கு முகம் உண்டு, நாய்க்கும் வாத்துக்குஞ்சுக்கும் முகம் உண்டு. வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு மட்டும் இல்லை. எலியின் உயரத்திலிருந்து உலகைப் பார்க்கிறார்கள், அதனால்தான் கால் மட்டும் தெரிகிறது என்று தொழில்நுட்ப விளக்கம் சொல்லலாம். அந்த விளக்கத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த நம் வீடுகளையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன். காலையில் வந்து பாத்திரம் தேய்த்து, துணி அலசி, வாசல் தெளித்துவிட்டுப் போகிற அம்மாவின் முகம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது தெரியுமா? கூவக் கரைக் குடிசைகளிலிருந்து நகரின் வசதியான வீடுகளுக்கு நடந்துபோன பெண்கள் எத்தனையோ பேர் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் நினைவில் அவர்கள் பெரும்பாலும் ஒரு குரலாகவும் வேலை செய்யும் இரண்டு கைகளாகவுமே தங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நிறப் பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது நம் சாதிப் பாகுபாடும் கூடவே வந்து நிற்கிறது. முகம் காட்டாத அந்தப் பெண்ணை நம் பிள்ளைகள் இயல்பாக ஏற்றுக்கொண்டதற்கு, அவர்கள் வாழ்ந்த வீட்டின் ஒழுங்கும் ஒரு காரணம்.

இன்று நாமே கார்ட்டூன் எடுக்கிறோம். எடுக்கும்போது என்ன செய்கிறோம்? 2008 முதல் இந்தியக் குழந்தைகள் உயிராகப் பார்க்கும் சோட்டா பீம் தொடரில் அடாவடிக்காரப் பையன் காளியா நாயகனைவிடக் கறுத்தவன். இந்திய இதிகாசப் படக்கதைகளில் அரக்கர்கள் கறுப்பு, இளவரசிகள் வெளுப்பு. கறுத்த தோல் கொண்ட குழந்தைகள் பெரும்பான்மையாக வாழும் ஊரில், வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குக் காளியா என்று பட்டப்பெயர் வைக்க வேறென்ன வேண்டும்? இது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டும் அல்ல. மாதிரித் தாளை எதிரில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்க்காமல் வரைகிற பழக்கம் அமெரிக்க ஸ்டுடியோவோடு முடியவில்லை என்பதற்கு அடையாளம்.

*

பழைய படங்களை என்ன செய்வது? ஒரு வழி, பெட்டியில் போட்டுப் பூட்டுவது. 1968இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் தன்னிடமிருந்த பழைய வார்னர் குறும்படங்களில் பதினொன்றைத் தொலைக்காட்சிக்குத் தராமல் நிறுத்தியது. இன்னொரு வழி, வெட்டுவதும் திருத்துவதும். டிஸ்னியின் 'மூன்று பன்றிக்குட்டிகள்' 1933இல் வந்தபோது, ஓநாய் யூத வியாபாரியாக வேடம் போட்டு வரும் காட்சி இருந்தது. பின்னால் அதைத் திருத்தி வரைந்தார்கள். 'ஃபேன்டேசியா'வில் வெள்ளை உருவங்களுக்குப் பணிவிடை செய்யும் ஒரு கறுப்புப் பெண் உருவம் இருந்தது. அதையும் பிறகு நீக்கினார்கள்.

இந்த வெட்டுகளின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. காயம் தந்த நிறுவனமே தடயத்தை அழித்துக்கொள்ளவும் அது உதவுகிறது. வெட்டப்பட்ட படத்தைப் பார்க்கும் குழந்தை அந்தக் காலம் குற்றமற்றது என்று நம்பிவிடும். அந்தப் படங்களில் குரல் கொடுத்த, பாடிய, வாத்தியம் வாசித்த கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பும் சேர்ந்து மறைந்துபோகும். அன்று வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில் அவர்கள் சம்பாதித்த இடம் அது. பிற்காலத்தில் வார்னர் நிறுவனம் பழைய படங்களை வெளியிட்டபோது, இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் மறைத்தால் அப்படியொன்று நடக்கவே இல்லை என்று சொன்னதாகும் என்ற முன்குறிப்போடு வெளியிட்டது. அந்த வழிதான் நேர்மையானது. குறிப்பைப் போட்டுவிட்டதால் கடமை முடிந்தது என்று நினைக்காதவரை அது நேர்மையானது.

யார் முடிவு செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. மெக்சிகோ எலியான ஸ்பீடி கன்சாலஸ் படங்களைக் கார்ட்டூன் நெட்வொர்க் 1999இல் நிறுத்தியது. திரும்பக் கேட்டவர்களில் மெக்சிகோ வழிவந்த மக்களே நிறைய இருந்தார்கள். வேகமும் புத்தியும் உள்ள எங்கள் எலி எங்களுக்கு வேண்டும் என்றார்கள். 2002இல் அது திரும்ப வந்தது. வரையப்பட்டவர்களிடம் கேட்க வேண்டும் என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி சொல்கிறது. அவர்கள் சார்பில் வேறு யாரும் கோபப்பட்டுக்கொள்ளவும் கூடாது, மன்னித்துக்கொள்ளவும் கூடாது.

பானர்மன் கதைக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்தது. 1996இல் ஒரே ஆண்டில் இரண்டு நூல்கள் வந்தன. கறுப்பின எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெர்ரி பிங்க்னியும் அதைத் தங்கள் மக்களின் பேச்சும் அழகும் கூடிய கதையாகப் புதிதாகச் சொன்னார்கள். ஃப்ரெட் மார்செலினோ பழைய சொற்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றி, இந்தியக் குடும்பம் ஒன்றை வரைந்தார். முதல் ரயில் பயணத்தில் சன்னலுக்கு வெளியே இருந்த பையன் நூலுக்குள் வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

*

பார்த்து வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நம்மிடம் ஒரு சான்று இருக்கிறது. 1956இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் தன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியபோது, பயிற்சி தர டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் வந்தார். சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்க மாதிரித் தாளின் இலக்கணத்தை முறையாகக் கற்றவர் அவர். அந்தப் பிரிவு புத்த ஜாதகக் கதையிலிருந்து 'ஆலமரத்து மான்' படத்தை எடுத்தது. 1974இல் விஜயா முலேயும் பீம்சேனும் எடுத்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' நாடு முழுவதும் ஓடியது. பலராக இருப்பவர்கள் ஒன்றாகலாம் என்று அது பாடியது. பாடியது இந்தியில். பன்மையைப் பற்றிய பாட்டைத் தன் மொழியில் கேட்க முடியாத குழந்தைக்கு அந்தப் பன்மையில் என்ன இடம் என்று தமிழ்ப் பிள்ளை கேட்பது நியாயம்.

ராம் மோகன் 1990களில் யுனிசெஃப் அமைப்புக்காகச் செய்த 'மீனா'வைத்தான் நான் சொல்ல வருகிறேன். வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளின் குழந்தைகள் தங்களுள் ஒருத்தியாகக் கொள்ளத்தக்க ஒரு சிறுமி வேண்டும். எப்படி வரைவது? ஒரு மாதிரியைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் காட்டினார்கள், கேட்டார்கள், மாற்றினார்கள். உடை எது என்பது பெரிய கேள்வி. ஒரு நாட்டுக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் உரியதாகத் தெரியக் கூடாது. கடைசியில் நீண்ட பாவாடையும் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு, மாநிறத்தில், கலங்காத துணிவோடு மீனா வந்தாள். பள்ளிக்கு அனுப்பப்படாத அவள், கிளி கேட்டு வந்து சொன்ன எண்ணிக்கையைக் கற்றுக்கொண்டு, கோழிகளை எண்ணித் திருட்டைப் பிடிக்கிறாள். தம்பிக்குப் பெரிய பங்கும் தனக்குச் சின்னப் பங்கும் ஏன் என்று கேட்கிறாள். முகமில்லாத பணிப்பெண்ணைத் தந்த ஹன்னா-பார்பெரா நிறுவனம் இந்த முயற்சிக்கு உதவியது என்பது எனக்கு ஆறுதலான செய்தி. கருவியிலோ கோட்டிலோ சாபம் எதுவும் இல்லை. அதே தொழில்நுட்பம், அதே மாதிரித் தாள் முறை. முன்னால் போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

தமிழில் இது இன்னும் நடக்கவில்லை. நம் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்களில் பெரும்பாலானவை எங்கோ வரையப்பட்டு இங்கே குரல் மாற்றப்பட்டவை. குரல் தமிழ், முகம் வேறு. சிந்தாதிரிப்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளி, இன்றைய கவின்கலைக் கல்லூரி, இருக்கிறது. தெருவில் உட்கார்ந்து மனிதரைப் பார்த்து வரையும் பயிற்சி அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்த சங்கர் அங்கே படித்தவர்தான். அந்தக் கோட்டுக்குத் திரையில் அசையும் வாய்ப்பைத் தர ஒரு நிறுவனமோ ஒரு அரசுத் துறையோ முன்வந்தால், மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கும் அம்மாவும், கூவக் கரையில் பட்டம் விடும் பையனும், பர்தா அணிந்து பள்ளிக்குப் போகும் பெண்ணும், நேபாளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் தங்கள் முகத்தோடு திரைக்கு வர முடியும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடும் திட்டம் 2022இல் தொடங்கியது. அங்கே ஒரு நாள் பழைய கார்ட்டூன் ஒன்றையும் மீனா ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். பாடம் நடத்த வேண்டாம். படம் முடிந்ததும், இந்தப் படத்தில் யாருக்கு முகம் இருக்கிறது, யாருக்கு இல்லை, ஏன் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிறகு பென்சிலும் தாளும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நன்றாகப் பார்த்து வரையச் சொல்ல வேண்டும். நிறம் தீட்டும்போது அந்தப் பிள்ளையின் நிறத்தையே தீட்டச் சொல்ல வேண்டும். அடுத்த தலைமுறையின் கார்ட்டூன்களை வரையப்போகிற கைகள் அந்த வகுப்பறைகளில்தான் இருக்கின்றன. பார்த்து வரையும் பழக்கம் அந்தக் கைகளுக்கு அங்கேயே தொடங்க வேண்டும்.